சிங்கப்பூரில் பதினொரு மணி நேரம்

ரயில் ஜங்ஷனில் வண்டி மாறுவதற்காகப் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே இரவு முழுவதையும் கழித்த அநுபவம் நேயர்களில் அநேகருக்கு உண்டு. ஆகாய மார்க்கத்திலும் அத்தகைய ஜங்ஷன்கள் இருக்கின்றன. சென்னையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பிரயாணம் செய்கிறவர்களில் பலருக்குச் சிங்கப்பூர் அப்படி ஒரு ஜங்ஷன். அங்கே ஒரு விமானத்தை விட்டு இறங்கி அடுத்ததில் ஏறுவதற்குச் சில சமயம் ஒரு பகற்பொழுதே காத்திருக்க நேரிடும்.

முதல் தடவை அவ்விதம் காத்திருந்தபோது நாம் செய்த காரியத்தைச் சொல்லிக் கொள்ளவே வெட்கமாயிருக்கிறது. கடை கடையாக ஏறி இறங்கினோம். வாங்க வேண்டாத சாக்லேட்டுகளை வாங்கினோம். பிறகு நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டோம். ஒன்பது மணி நேரம் இவ்வாறு "கழிந்தது".

ஊர் திரும்பியதும் எங்கள் தெருவில் வசிக்கும் பாட்டியம்மாள் ஒருவர் விசாரித்தார். அவருடைய தாயார் மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பதினேழாவது வயதில் ஜான்ஸி ராணிப் படையில் சேர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு இந்தியாவுக்குத் திரும்பியவர்.

"ஏனப்பா, சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் இருந்தாயாமே! எங்கள் அம்மா துப்பாக்கி பிடித்துப் பழகிய ஊராயிற்றே. நேதாஜி கல் நாட்டிய இடத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை என்று சொன்னோம். பாட்டி வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஆகையால் இரண்டாந் தடவை முன்னேற்பாட்டுடன் கிளம்பினோம். காலை ஆறு மணிக்கு இறங்கி மாலை ஐந்து மணிக்கு ஏற வேண்டும். மொத்தம் பதினொரு மணி நேரம். வெளியே வருவதற்கு ஒரு மணியும், திரும்பி வந்து காத்திருக்க மூன்று மணியும் தள்ளினால் மிச்சம் ஏழு. ரயிலில் போகவர இரண்டைக் கழித்தால் ஐந்து மணி நேரம் நம்முடையது. ஐந்து மணி நேரத்தில் ஒரு நகரத்தைப் பார்க்க முடியாது. ஆனால் இரண்டு இடங்களை நன்றாகப் பார்க்கலாம். பத்து இடங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர் ஒன்றையும் பார்க்க மாட்டார்.

வெளியே போவதற்கு அநுமதி வேண்டுமல்லவா? இந்தியர் சிங்கப்பூருக்குள் நுழைய விசா அவசியம். ஆனால் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் முதலிய சில நாடுகளின் விசாவை உடையவர்கள், மேற்பிரயாணச் சீட்டு முதலான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 96 மணி நேரம் வரை விசாவின்றியே தங்கிப் போக இடமுண்டு. வருகை அட்டையை முன்கூட்டியே கணினி வழியாக நிரப்பி அனுப்பிவிட வேண்டும். மூட்டை நேராக அடுத்த விமானத்துக்குப் போகிறதா என்பதைச் சென்னையிலேயே கேட்டுக் கொள்வது உத்தமம். எல்லாவற்றிலும் முக்கியம் கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. முள்ளைத் திருப்ப மறந்தவர் சாவகாசமாகத் திரும்பி வந்து, விமானம் பறந்து போன திசையைப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

விமான நிலையத்திலேயே ரயில் இருக்கிறது. வங்கி அட்டையை வாயிலில் காட்டினால் கதவு திறக்கிறது. தானா மேராவில் வண்டி மாறி, நகர மண்டப ஸ்டேஷனில் இறங்கினோம். மேலே ஏறி வந்ததும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது புனித ஆண்ட்ரூ ஆலயம். 1856-ஆம் வருஷம் அஸ்திவாரம் போடப்பட்ட இக்கட்டடத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சுண்ணாம்புடன் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்த சென்னைச் சுண்ணச் சாந்தைத்தான் இதன் சுவர்களில் பூசினார்கள்.

சாலையைத் தாண்டினால் பாடாங் என்னும் பெரிய புல்வெளி. 1943-ஆம் வருஷம் ஜூலை 5-ஆந் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, "டில்லி சலோ!" என்று முழங்கியது இங்கேதான். அவ்வருஷம் அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியாவின் தற்காலிக சர்க்காரைக் கத்தே மாளிகையில் பிரகடனம் செய்தார். மறுநாளே வாட்டர்லூ தெருவில் ஜான்ஸி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. அதன் தலைவி சென்னையில் பிறந்த டாக்டர் லக்ஷ்மி. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். தாங்கள் ஒரு நாளும் கண்டிராத தேசத்தின் விடுதலைக்காக அவர்களில் பலர் துப்பாக்கி ஏந்தினார்கள் என்பதை நினைக்கும்போது மெய் சிலிர்க்கிறது.

பாடாங்குக்கு எதிரே எஸ்பிளனேட் பூங்கா. உயிர் நீத்த இந்திய தேசிய ராணுவ வீரர்களின் ஞாபகார்த்தமாக ஒரு சின்னம் எழுப்புவதற்கு 1945 ஜூலை 8-இல் நேதாஜி இங்கே அடிக்கல் நாட்டினார். சின்னமும் எழுந்தது. ஆனால் செப்டம்பரில் பிரிட்டிஷ் படைகள் திரும்பி வந்ததும், செய்த முதற் காரியங்களில் ஒன்று அதை இடித்துத் தள்ளியதுதான். ஏகாதிபத்தியத்துக்கு உயிரோடிருந்த வீரர்களிடம் மட்டுமல்ல, இறந்தவர்களிடமும் அச்சம் இருந்தது போலும்! ஐம்பது வருஷங்கள் கழித்து, 1995-இல், சிங்கப்பூர் சர்க்கார் அதே இடத்தில் ஓர் அடையாளச் சின்னத்தை வைத்தார்கள்.

சின்னம் பெரிதல்ல, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலையில் ஓடுகிறவர்கள் அதைக் கடந்து ஓடிக் கொண்டிருந்தார்கள். நாம் அங்கே அரைமணி நேரம் நின்றோம். பெயர் தெரியாத எத்தனையோ பேரை நினைத்துக் கொள்வதற்கு அரைமணி அதிகமில்லை.

பிறகு ரயிலேறி, ஒரு ஸ்டேஷன் தள்ளித் தோபி காட்டில் வண்டி மாறினோம். பெயரைக் கேட்டதுமே விஷயம் விளங்கிவிடும்; ஒரு காலத்தில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த துறை அது. அதற்கு அடுத்தது லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரமும் சாம்பிராணிப் புகையும் நம்மை வரவேற்றன. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் நண்பகலுக்கு முன்பே தரிசனம் செய்து கொண்டோம். வாழை இலையில் சாப்பாடும் ஆயிற்று. கடையில் "தமிழ் முரசு" வாங்கினோம். கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய பத்திரிகை இன்றும் வெளிவருகிறது! மிச்சம் கொடுத்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அதிலும் "சிங்கப்பூர்" என்று தமிழெழுத்து. நான்கு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்றல்லவா?

இரண்டு மணிக்குள் விமான நிலையத்துக்குத் திரும்பினோம். 2019-இல் திறந்த கண்ணாடி மாளிகையில் நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் செயற்கை அருவியைப் பார்ப்பதற்கும் பொழுது மிஞ்சியது. இம்முறை நாற்காலியில் குறட்டை விடவில்லை.

ஊருக்கு வந்து பாட்டியிடம் படத்தைக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக் கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"பக்கத்திலேயே கடல் என்று அம்மா சொல்லுவாளே, அது எங்கே?" என்று கேட்டார்.

கடலைத் தூர்த்து நிலமாக்கி விட்டார்கள் என்றும், இப்போது அங்கே மாட மாளிகைகள் நிற்கின்றன என்றும் சொன்னோம்.

"கடலே தள்ளிப் போய்விட்டதா! கல் மட்டும் அங்கேயே இருக்கிறதாக்கும்" என்றார் பாட்டி. படத்தை வாங்கிப் பூஜை மாடத்தில் வைத்தார்.

அவ்வழியாகப் போகும் நேயர்களுக்கு நமது வேண்டுகோள் ஒன்றுதான். சாக்லேட் எந்த ஊரிலும் கிடைக்கும். அடுத்த தடவை சிங்கப்பூரில் ஒரு பகல் காத்திருக்க நேர்ந்தால், தயவு செய்து வெளியே வாருங்கள்.