வேலை கேட்டு எழுதும்போது எதையெல்லாம் கொடுக்கிறோம்?

பிரௌசிங் சென்டரில் பயோடேட்டா அடிக்கச் சொன்னால் இன்றும் பழைய மாதிரிதான் வருகிறது. அப்பா பெயர், மதம், சாதி, திருமணம் ஆனதா இல்லையா, கதவு எண் வரைக்கும் முகவரி, கடைசியில் உறுதிமொழி, அதன் கீழே கையெழுத்து. கூடவே ஆதார், பான், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கடிதமென்று ஒரு வரிகூட எழுதாமல், பல கம்பெனிகளுக்கு ஒரே மெயிலில் தட்டிவிடுகிறார்கள். வேலை கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது அதில் அநேகமாக எதுவும் இல்லை. மோசடிக்காரர் தேடுவது எல்லாம் இருக்கிறது.

இந்த வேலையை நான் செய்வேன் என்று காட்டுவது மட்டுமே விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் டேலியும் ஜிஎஸ்டியும் தெரிந்த கணக்காளர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெயிலின் சப்ஜெக்ட் இடத்தில் பணியின் பெயர், உங்கள் பெயர், அனுபவம் மூன்றும் இருந்தால் போதும். விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள் என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள். அடுத்து வருவதுதான் உயிரான பகுதி: "ஈரோட்டில் ஜவுளிக் கடை ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டையும் தயாரித்து ஆடிட்டரிடம் கொடுப்பது என் பொறுப்பு. ஏற்றுமதி பில் இதுவரை போட்டதில்லை, கற்றுக்கொள்வேன்." தெரியாததை இப்படி வெளிப்படையாகச் சொல்பவரை நான் நம்புவேன். இல்லாத அனுபவத்தை எழுதி வாங்கிய வேலை பின்னால் பறிபோகலாம். புதிதாகப் படித்து முடித்தவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதும் சரியல்ல. அப்பாவின் மளிகைக் கடையில் ஸ்டாக் எழுதியதும் கல்லூரி புராஜெக்ட்டில் நீங்கள் செய்த பங்கும் சொல்லத் தக்கவைதான். எப்போது சேர முடியும், எந்த எண்ணில் பேசலாம் என்பதோடு கடிதத்தை முடித்து, உங்கள் பெயரிட்ட பிடிஎஃப் ரெஸ்யூமை இணையுங்கள். ஒரு மெயில், ஒரு நிறுவனம்.

தனியார் நிறுவனத்துக்கு உங்கள் சாதியும் மதமும் எதற்கு? இடஒதுக்கீடு உள்ள அரசுப் பணிக்கு, படிவம் கேட்கும் இடத்தில் எழுதினால் போதும். "கல்யாணம் எப்போது?" என்ற கேள்வி பெண்களைத்தான் துரத்துகிறது. ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. திருமண விவரத்தை நாமாக முன்வந்து எழுதித் தர வேண்டியதில்லை. ஆதாரும் பானும் வங்கிக் கணக்கு எண்ணும் வேலை உறுதியாகிச் சேரும்போது பிஎஃப்புக்கும் சம்பளத்துக்கும் தேவைப்படும். அதற்கு முன் வேண்டாம். அடையாளம் காட்டியே ஆக வேண்டுமென்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை யுஐடிஏஐ தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஆதார், பான், போட்டோ, கையெழுத்து நான்கும் ஒருவரிடம் சேர்ந்துவிட்டால் உங்கள் பெயரில் சிம் வாங்கவும் செயலிக் கடன் எடுக்கவும் முயல்வார்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் சஞ்சார் சாத்தி தளத்தில் தங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் உள்ளன என்று பார்க்கலாம். சிபில் அறிக்கையும் ஆண்டுக்கொரு முறை இலவசம். எடுக்காத கடன் அதில் இருந்தால் தெரிந்துவிடும்.

விண்ணப்பத்துக்கு வரும் பதிலில்தான் பெரிய ஆபத்து. பெரிய நிறுவனத்தின் லோகோவோடு ஆஃபர் லெட்டர் வரும். அனுப்பிய முகவரி ஜிமெயிலாக இருக்கும், அல்லது நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். @ குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மெயிலில் உள்ள லிங்கை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, அதிலுள்ள எண்ணில் கேளுங்கள். பதிவுக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட், லேப்டாப் அனுப்பும் செலவு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் கணக்குக்கு வரும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றினால் கமிஷன் என்று ஒரு 'வேலை' உண்டு. அது திருட்டுப் பணம். உங்கள் கணக்கு முடக்கப்படும். போலீஸ் உங்களைத் தேடித்தான் முதலில் வரும்.

வெளிநாட்டு வேலையென்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022-இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்க வேண்டாம், நேரம்தான் முக்கியம். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போகும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பரிவர்த்தனை எண், மெயில், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். ஆள்மாறாட்டம் செய்து இணையவழியில் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். "எங்கள் எல்லைக்குள் வராது" என்று காவல் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகார் தரலாம். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். அதற்குப் புகாரின் நகலும் தபால் ரசீதும் கையில் இருக்க வேண்டும்.