பகிடிவதையும் எங்கள் பிள்ளைகளும்

டென்மார்க்கில் ஒகஸ்ட் மாதம் பிறந்தால் புதிய கல்வியாண்டு தொடங்கிவிடும். அல்பர்ட்ஸ்லுண்டிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் எங்கள் பிள்ளைகள் பலர் ஜிம்னேசியத்திற்கும், எஃப்டர்ஸ்கோலவிற்கும், பல்கலைக்கழகத்திற்கும் முதன்முதலாகக் காலடி எடுத்து வைக்கின்றார்கள். புத்தகம், மடிக்கணினி, பயண அட்டை எல்லாவற்றையும் ஆயத்தம் செய்து கொடுக்கின்ற நாங்கள் ஒரு விடயத்தைப் பற்றி மட்டும் பெரும்பாலும் கதைப்பதில்லை. அங்கே முன்னரே இருக்கும் மூத்த மாணவர்கள் புதிதாக வருபவர்களை எப்படி நடத்துவார்கள்? அது பிழையாகத் தெரிந்தால் பிள்ளை யாரிடம் சொல்லும்?

ஊரில் இதற்குப் பகிடிவதை என்று பெயர். எங்களில் பலர் அதை அனுபவித்தவர்கள். சிலர் அதைச் செய்தவர்களும்கூட. இன்று கொண்டாட்டங்களில் கூடும்போது அந்தக் கதைகளைச் சிரித்துச் சொல்வோம். "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்பது வழக்கமான நியாயம். ஆனால் குஞ்சுகள் செத்திருக்கின்றன.

மறக்கக்கூடாத மூவர்

1975ஆம் ஆண்டு பேராதனை வளாகத்தில் விவசாய பீடத்தில் படித்த ரூபா ரத்னசீலி என்ற மாணவி, பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்தார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க முடியாதவரானார். 2002இல் அவர் இறக்கும்வரை அந்த நிலைமை மாறவில்லை.

1996 நவம்பரில், தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்த பொன் நாவரசு, ஒரு மூத்த மாணவரால் கொலை செய்யப்பட்டார். அவருடைய தந்தையார் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவ்வளவு செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைக்கும் விடுதிக்குள் பாதுகாப்பு இருக்கவில்லை. இந்தக் கொலையைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 1997இல் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அதே 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர் உயிரிழந்தார். மூத்த மாணவர்கள் அவரைக் கடுமையான உடற்பயிற்சிகளைத் தொடர்ந்து செய்ய வைத்ததில் சிறுநீரகங்கள் செயலிழந்து போயின. அடுத்த ஆண்டு, 1998இல், இலங்கையில் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதைக்கு 2 ஆண்டுகள் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ ஏற்பட்டால் 10 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கின்றது.

சட்டம் வந்தும் வழக்கம் ஒழியவில்லை. 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில், படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட பெரிய ரயர் மோதி ஒரு முதலாம் ஆண்டு மாணவர் தலையில் படுகாயமடைந்தார். இவற்றைச் செய்தவர்கள் நன்றாகப் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள். அப்படியிருந்தும் இது நடக்கின்றது என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஏன் அடங்கிப் போகின்றார்கள்?

சொலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களில் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதற்குச் சமம் என்று ஒரு குழுவிடம் கேட்டார். சிறு பிள்ளைக்கும் விடை தெரியும். ஆனால் குழுவில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டவர்கள். அவர்கள் ஒரேமாதிரிப் பிழையான விடையைச் சொன்னார்கள். அந்த ஒருவர் சொன்ன விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, குழுவோடு சேர்ந்து பிழையாகவே இருந்தது. யாரும் அவரை அடிக்கவில்லை, மிரட்டவுமில்லை. தனித்து நிற்கும் பயமே போதுமாக இருந்தது.

அந்தப் பரிசோதனையின் இன்னொரு பகுதிதான் பெற்றோருக்கு முக்கியமானது. குழுவில் இன்னும் ஒரேயொருவர் சரியான விடையைச் சொன்னபோது, பிழையாக இணங்கிப் போவது சுமார் 5 வீதமாகக் குறைந்துவிட்டது. பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும், மனிதருக்குத் தைரியம் வந்துவிடுகின்றது.

அதிகாரம் செலுத்துபவர்களும் இதை அறிவார்கள். அதனால்தான் முதல் வேலையாக ஆளைத் தனிமைப்படுத்துகின்றார்கள். அல்பர்ட்ஸ்லுண்டில் வாழும் எல்லோருக்கும் விரிட்ஸ்லூசலிலே பழைய சிறைச்சாலையின் மதில் தெரியும். 1859இல் அது திறக்கப்பட்டபோது கைதிகளை ஒருவரோடொருவர் கதைக்கவிடாமல் தனித்தனி அறைகளில் வைத்தார்கள். வெளியே வரும்போது முகமூடி அணிவித்தார்கள். தேவாலயத்திலும் தனித்தனிக் கூண்டுகளில்தான் இருத்தினார்கள். தனிமை மனிதனைத் திருத்தும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். அது மனநலத்தைக் கெடுக்கும் என்பதை இன்று மருத்துவம் நன்கு அறியும்.

பகிடிவதையிலும் இதே முறைதான். புதிய மாணவர் வீட்டிலிருந்து தூரத்தில் இருக்கின்றார். புதிய இடத்தில் யாரையும் தெரியாது. "உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது" என்பது முதல் கட்டளை. மறுப்பவரோடு மற்றவர்கள் கதைக்கமாட்டார்கள், பாடக் குறிப்புகளையும் கொடுக்கமாட்டார்கள். ஆங்கிலம் பேசத் தயங்குபவர், கிராமத்திலிருந்து வந்தவர், கூச்ச சுபாவமுள்ளவர் ஆகியோரே இதில் கூடுதலாக அகப்படுகின்றார்கள்.

அடி வாங்கியவர் ஏன் அடிக்கின்றார்?

இந்த வருடம் அழுத பிள்ளை அடுத்த வருடம் மற்றவரை அழ வைக்கின்றது. இது பலருக்குப் புரியாத புதிர். 1959இல் எலியட் அரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கத்தைக் காட்டினார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர விரும்பிய மாணவிகளில் ஒரு பகுதியினரை, மிகவும் கூச்சப்பட வைக்கும் வாசகங்களை உரத்து வாசிக்க வைத்தார்கள். ஏனையோருக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அல்லது மிகக் குறைவு. பின்னர் எல்லோருக்கும் சலிப்பூட்டும் ஒரே கலந்துரையாடலைக் கேட்கக் கொடுத்தார்கள். கூடுதலாகக் கஷ்டப்பட்டவர்களே அதை நல்லதென்று சொன்னார்கள்.

"இவ்வளவு பட்டேனே, அது வீணாகுமா?" என்று மனம் தனக்குத்தானே சமாதானம் சொல்கின்றது. பட்ட அவமானம் "எங்களை ஒற்றுமையாக்கிய அனுபவம்" ஆகிவிடுகின்றது. பிறகு அந்த "அனுபவத்தை" அடுத்தவருக்கும் கொடுக்கின்றார்கள். நாங்களும் கொண்டாட்டங்களில் அந்தக் கதைகளைச் சிரித்துச் சொல்லும்போது அதையேதான் செய்கின்றோம். பக்கத்தில் இருந்து கேட்கும் பிள்ளை, இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும் என்று விளங்கிக் கொள்கின்றது.

டென்மார்க்கில் இது இல்லையா?

"வெள்ளைக்காரரின் நாட்டில் இதெல்லாம் நடக்காது" என்று சிலர் எண்ணுகின்றார்கள். நெஸ்ட்வெட் நகருக்கு அருகில் 1565இல் நிறுவப்பட்ட ஹெர்லுஃப்ஸ்ஹோல்ம் விடுதிப் பாடசாலை, டென்மார்க்கின் மிகப் பெயர்பெற்ற பாடசாலைகளில் ஒன்று. 2022 மே மாதத்தில் ரி.வி.2 வெளியிட்ட ஆவணப்படத்தில், அங்கே நடந்த அடி உதைகளையும் அவமானங்களையும் முன்னாள் மாணவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். மூத்த மாணவர்களுக்கு இளையோரைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கொடுத்த "பிரிஃபெக்ட்" முறை கடும் விமர்சனத்திற்கு உள்ளாகி, பின்னர் கைவிடப்பட்டது. அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த இளவரசர் கிறிஸ்டியனை அரச குடும்பம் அந்த ஆண்டு ஜூனில் அங்கிருந்து விலக்கிக்கொண்டது.

சாதாரண ஜிம்னேசியங்களில் இத்தகைய வன்முறை வழக்கமல்ல. அங்கே அழுத்தம் வேறு வடிவத்தில், பெரும்பாலும் மதுபானத்தின் மூலம் வருகின்றது. 2019இல் ஐரோப்பிய நாடுகளில் 15, 16 வயதினரிடம் நடத்தப்பட்ட எஸ்பாட் ஆய்வில், கடந்த 30 நாட்களுக்குள் வெறிக்கக் குடித்ததாகச் சொன்னவர்கள் டென்மார்க்கில் 40 வீதம். எல்லா நாடுகளுக்குமான சராசரி 13 வீதம் மட்டுமே. அறிமுகச் சுற்றுலாவான இன்ட்ரோதூரிலும், பல்கலைக்கழக ருஸ்தூரிலும், வகுப்பு விருந்துகளிலும் குடிக்காதவர் ஒதுங்கி நிற்க வேண்டி வரலாம். 18 வயதிற்குட்பட்டோர் குடிக்காமல் இருப்பதே நல்லது என்று டெனிஷ் சுகாதாரச் சபை 2022இல் அறிவுறுத்தியது. 2025 ஏப்ரலிலிருந்து 16, 17 வயதினருக்கு 6 வீதத்திற்கு மேல் மதுசாரமுள்ள பானங்களைக் கடைகளில் விற்க முடியாது. பிள்ளைக்கு மறுப்புச் சொல்ல இவையும் துணையாகும்.

வீட்டில் ஏன் சொல்வதில்லை?

எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்து அழுத்தம். அங்கே நண்பர்கள், இங்கே "நாலு சனம் என்ன சொல்லும்" என்ற பயம். விருந்துக்குப் போனதையே மறைத்த பிள்ளை, விருந்தில் நடந்த அவமானத்தை எப்படிச் சொல்லும்? "சொன்னால் இனி வெளியே விடமாட்டினம்", "அம்மா தாங்கமாட்டா", "அப்பா எனக்குத்தான் ஏசுவார்" என்று நினைத்து வாய் மூடிக்கொள்கின்றது. இப்படி வீடும் அதைத் தனிமைப்படுத்தி விடுகின்றது. ஆஷின் பரிசோதனையில் பக்கத்தில் நின்ற அந்த ஒருவராக நாங்கள் இருந்திருக்கலாம். அந்த இடத்தை நாங்களே இழந்துவிடுகின்றோம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

- நித்திரை குறைதல், சாப்பாட்டில் விருப்பமின்மை, ஞாயிறு இரவுகளில் வயிற்றுவலி அல்லது தலைவலி
- காரணம் சொல்லாமல் பாடசாலைக்குப் போக மறுத்தல், பெறுபேறுகள் திடீரெனக் குறைதல்
- தொலைபேசியில் செய்தி வந்தால் பதற்றப்படுதல், பழைய நண்பர்களைத் தவிர்த்தல்
- விளக்கமில்லாத காயங்கள், பணம் அல்லது பொருட்கள் காணாமற் போதல்
- "நான் இல்லாவிட்டால் நல்லது" போன்ற பேச்சு. இதைக் கேட்டால் ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.

உடல் ரீதியான இரண்டு ஆபத்துகளைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். அளவுமீறிய உடற்பயிற்சியில் தசைகள் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடும் தசைவலியோடு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அதிகம் குடித்து எழுப்ப முடியாமல் கிடப்பவரைத் தனியே விடாமல் பக்கவாட்டில் படுக்க வைத்து 112ஐ அழைக்க வேண்டும். உயிராபத்து இல்லாத அவசரங்களுக்குத் தலைநகர்ப் பகுதியில் 1813.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. பிள்ளை சொல்லத் தொடங்கினால் இடைமறிக்காதீர்கள். "நீ ஏன் அங்கே போனாய்?" என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். "சொன்னது நல்லது" என்பது முதல் வார்த்தையாகட்டும்.

2. "எந்த நேரம் அழைத்தாலும் வந்து ஏற்றுவேன், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னபடி நடவுங்கள்.

3. புதிய இடத்திற்குப் போகுமுன் ஒரு நண்பரோடு உடன்பாடு செய்யச் சொல்லுங்கள். ஒருவர் "வேண்டாம்" என்றால் மற்றவரும் பக்கத்தில் நின்று "வேண்டாம்" என்று சொல்வது.

4. பெற்றோர் கூட்டங்களுக்குப் போங்கள். மொழி போதாது என்று வீட்டில் நிற்காதீர்கள். வகுப்பு விருந்துகளில் மதுபானம் பற்றிய முடிவுகள் பல அங்கேதான் எடுக்கப்படுகின்றன.

5. 2017 முதல் பாடசாலைகளும் இளைஞர் கல்வி நிறுவனங்களும் கொடுமைப்படுத்தலுக்கு எதிரான எழுத்து மூலத் திட்டத்தை வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட சம்பவம் ஒன்று தெரியவந்தால் 10 வேலைநாட்களுக்குள் நடவடிக்கைத் திட்டம் வகுக்க வேண்டும். முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், திகதியைக் குறித்து வையுங்கள்.

6. 15 வயதான பிள்ளை தனியாகவே வைத்தியரைச் சந்தித்துக் கதைக்கலாம். வைத்தியருக்கு இரகசியம் காக்கும் கடமை உண்டு. பிள்ளைகளுக்கான இலவச தொலைபேசி 116 111. உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் அழைக்க வேண்டிய லிவ்ஸ்லினியன் 70 201 201.

எங்கள் பிள்ளை மறுபக்கத்தில் நின்றால்?

இதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் படிக்கும் பிள்ளையிடம், "புதிதாக வந்தவர்களை நீங்கள் எப்படி நடத்துகின்றீர்கள்?" என்று கேளுங்கள். வட்ஸ்அப் குழுவில் ஒருவரைக் கேலி செய்யும்போது சிரிப்பு அடையாளம் போட்டவருக்கும் அதில் பங்குண்டு என்பதை விளங்கப்படுத்துங்கள். எங்கள் தமிழ்ப் பாடசாலைகளிலும், விளையாட்டுக் கழகங்களிலும், கலைநிகழ்ச்சிப் பயிற்சிகளிலும் மூத்த பிள்ளைகளுக்கு நாங்களே பொறுப்புக் கொடுக்கின்றோம். பொறுப்போடு எல்லையையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். மேலே ஒரு பெரியவர் கவனித்துக்கொண்டும், கீழே உள்ள சிறு பிள்ளைக்கு முறையிட ஓரிடம் இருந்தும் வந்தால், அந்த அதிகாரம் கெட்டுப்போக வாய்ப்புக் குறைவு.

ரூபாவிற்கும் நாவரசுவிற்கும் வரப்பிரகாஷிற்கும் எங்களால் இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இந்த ஒகஸ்டில் வீட்டைவிட்டுப் போகும் பிள்ளையோடு அரைமணி நேரம் இருந்து கதைக்க முடியும். ஊர்க் கதைகளைச் சொல்லும்போது சிரிப்பை விட்டுவிட்டு, அன்று உண்மையில் எவ்வளவு பயந்தோம் என்பதையும் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிள்ளை, தன் பயத்தையும் ஒருநாள் உங்களிடம் வந்து சொல்லும்.