பெருங்காயத்துக்குள் ஒளிந்த கோதுமை

சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் எலுமிச்சம்பழ அளவு உருண்டை ஒன்றை எடுத்துக் குழாயடியில் பிடித்து, மாச்சத்தெல்லாம் பால்போலக் கரைந்தோடித் தண்ணீர் தெளியும்வரை மெள்ள மெள்ளக் கசக்கிப் பார்த்தால், ரப்பரைப் போல இழுபடும் பசைக்கட்டி ஒன்று விரல்களுக்கிடையே எஞ்சி நிற்கும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிக் கண்ணாடித்தாள்போல விரிக்கிறாரே, அந்த வித்தைக்கு ஆதாரம் இந்தப் பசைதான். அரிசி மாவிலும் கேழ்வரகு மாவிலும் அது பலிக்காததற்குக் காரணம், அவற்றில் இது இல்லாமையே.

பெரும்பாலோருக்கு ஒரு கெடுதலும் செய்யாத இந்தப் புரதம், சிலருடைய சரீரத்துக்கு மட்டும் விரோதியாகிவிடுகிறது. ஜீரண நீர்களால் முற்றிலும் பகுக்க முடியாத அதன் துணுக்குகள் சிறுகுடற் சுவருக்குள் புகும்போது, அதற்கு இடங்கொடுக்கும் மரபணுவோடு பிறந்தவர்களில் சிலரிடம், காவலுக்கு நின்ற நோயெதிர்ப்புச் சக்தியே திசைமாறிச் சொந்தக் குடலைத் தாக்குகிறது. உணவின் சாரத்தை உறிஞ்சுவதற்கென்று வெல்வெட்டுத் துணியின் இழைகள்போல நிமிர்ந்து நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்க, உண்டது உடம்பில் ஒட்டாமல் பேதியும் சோகையும் இளைப்பும், குழந்தைகளாயின் வளர்ச்சிக் குறைவும் வந்து சேர்கின்றன. சீலியாக் என்பது இந்நோயின் பெயர்.

1888-இல் லண்டன் வைத்தியர் சாமுவேல் கீ, இந்நோய் குணமாவதானால் பத்தியத்தால்தான் குணமாகும் என்று ஊகித்தாரேயன்றி, விலக்க வேண்டிய பதார்த்தம் எது என்பதை அவரால் காண முடியவில்லை. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்பவர் ரொட்டியையும் தானியங்களையும் நிறுத்தி வாழைப்பழம் கொடுத்துக் குழந்தைகளைத் தேற்றினார். புகழெல்லாம் வாழைப்பழத்துக்குப் போயிற்று! உண்மையைக் கண்டவர் ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. யுத்தத்துக்கு முன்பே ரொட்டியின்மேல் ஐயங்கொண்டிருந்த அவர், 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்து மக்கள் ரொட்டிக்கு வழியின்றி டூலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்று உயிர்பிழைத்த பஞ்சத்தில், ஊரே மெலிந்துகொண்டிருக்க, இந்நோய் கண்ட குழந்தைகள் மாத்திரம் தேறியதைக் கவனித்தார். பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்ததும் நோயும் திரும்பிற்று. 1950-இல் அவர் எழுதிய ஆராய்ச்சி நூல் கோதுமையின் குற்றத்தை நிலைநாட்டியது. பார்லியும் ரை என்னும் தானியமும் அக்குற்றத்தில் பங்காளிகள்.

இந்தியாவைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று சுவாரசியமானது. இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலானோரின் இரத்தத்தில் காணப்பட, தெற்கே அது ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலேயே இருந்தது. ஆனால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுவோ இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே விகிதம். நம்மைக் காத்தது பெரும்பாலும் சோற்றுப்பானைதான் என்று எண்ணத் தோன்றுகிறது. சர்க்கரை வியாதிக்கென்று இராத்திரிதோறும் சப்பாத்திக்கு மாறிய வீடுகள் இதையும் நினைவில் வைக்கலாம்.

இந்நோய்க்கு இன்றுள்ள சிகிச்சை, ஆயுள் முழுவதும் குளூட்டனை விலக்குவது ஒன்றே. வடக்கே இருப்பவருக்கு அது பெருந்துறவு. இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், அடை, கம்பங்கூழ், கேழ்வரகுக் களி என்று வளர்ந்த நாக்குக்கு அது துறவே அல்ல. ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையின் பிள்ளைகள் என்பது தெரிந்தவர் கேசரியையும் ரவா தோசையையும் தள்ளிவிடுவார். தெரியாமல் வருவதுதான் ஆபத்து. ஒரு சிட்டிகைதானே என்று சாம்பாரிலும் ரசத்திலும் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பல கம்பெனிகள் கோதுமை மாவையோ மைதாவையோ கலக்கின்றன. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் விஷயம் வெளிப்படும். சத்துமாவிலும் மால்ட் பானங்களிலும் சோயா சாஸிலும் இதே கதை. மிளகாய் அரைத்த கையோடு அரிசியைப் போட்டால் மாவில் காரம் ஏறும் என்று மாவு மில்லில் காத்து நிற்கும் நம் இல்லத்தரசிகள், கோதுமை அரைத்த கையோடு அரைப்பதைப் பொருட்படுத்துவதில்லை. காரத்தை நாக்கு கண்டுபிடிக்கும், கோதுமையைக் கண்டுபிடிக்காது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்லி விற்பதற்கு ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்று விதித்திருக்கிறார்கள் என்றால், மில்லின் கல்லில் ஒட்டிய மாவு எம்மாத்திரம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இந்நோயாளிக்கான தானியத்தை வீட்டு மிக்ஸியில் அரைப்பதே உத்தமம்.

‘குளூட்டன் இல்லாதது’ என்ற முத்திரையோடு அதிக விலைக்கு வரும் பிஸ்கட்டுகளில் பல, ஸ்டார்ச்சும் சர்க்கரையும் கொழுப்புமாக இருப்பவை. இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் வேண்டிய நோயாளிக்கு அவற்றைவிடக் கேழ்வரகு அடையும் கீரையும் எவ்வளவோ மேல். நோயில்லாதவர் நாகரிகத்துக்காக இப்பத்தியத்தை மேற்கொள்வதில் எனக்குத் தெரிந்து லாபம் ஒன்றுமில்லை.

சந்தேகம் எழுந்தவர்கள் ஒன்று செய்ய வேண்டாம்: இரத்தப் பரிசோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கி, நோயின் அடையாளங்களும் மறைந்துபோய், பரிசோதனை நோய் இல்லையென்றே சொல்லிவிடக்கூடும். முதலில் வைத்தியரிடம் போங்கள். பத்தியம் அதற்குப் பிறகு.