நெரிக்காத பிடி

நாஞ்சில் நாட்டு வயல்வரப்பில் நின்றுகொண்டு கோல்ஃப் விளையாட்டைப் பற்றிப் பேசினால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தோடு இணையும்வரை நமக்கு ராஜதானியாக இருந்தது திருவனந்தபுரமே ஆகையால், அங்கே கவடியாரில் பச்சைப் பசேலென்று கிடக்கும் கோல்ஃப் மைதானம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. உத்தியோக நிமித்தம் அந்நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் காலையில் மட்டையை என் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு, சர்வ பலத்தையும் திரட்டி ஓங்கி அடித்தேன். பந்து பத்தடி உருண்டு புல்லில் படுத்துக்கொண்டது. மறுமுறை மண்தான் பறந்தது.

அப்போது, சிறு பிராயத்தில் எனக்குக் கம்பு வீசப் பழக்கிய தோவாளைப் பக்கத்து ஆசானின் குரல் காதில் ஒலித்தது: "மக்களே, கம்பை என்னத்துக்கு இப்படி நெரிக்கே? அது ஓடியா போயிரும்?"

ஆசான் சொன்னதற்குத் தேக சாஸ்திரத்தில் காரணம் உண்டு. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்துதான் விரல்களை அடைகின்றன. முஷ்டியை இறுக மூடிக்கொண்டு மணிக்கட்டை அசைத்துப் பாருங்கள். பிறகு விரல்களைச் சற்றே நெகிழ்த்தி அசைத்துப் பாருங்கள். வித்தியாசம் பிரத்தியட்சமாகத் தெரியும். பிடி இறுகினால் மணிக்கட்டு கட்டையாகிவிடுகிறது.

கோல்ஃப் வீச்சில் பலம் பிறப்பது காலிலும் இடுப்பிலும் என்றாலும், அதை வேகமாக மாற்றித் தருவது மணிக்கட்டே. மட்டையை ஓங்கும்போது மணிக்கட்டு தானாக மடிய, கையும் மட்டையும் 'ட' எழுத்தைப் போல மூலை கண்டு நிற்கின்றன. இறங்கும்போது இடுப்பு முன்னே திரும்ப, கைகள் பின்தொடர, அந்த மூலை வெகுநேரம் கலையாதிருந்து, பந்தை அணுகும் தறுவாயில் கைகளின் வேகம் தணிய, அவ்வேகமெல்லாம் மட்டையின் தலைக்குப் பாய்ந்து, சாட்டையின் நுனிபோல அது சீறிக்கொண்டு வருகிறது. ஏறக்குறைய 46 கிராம் எடையுள்ள பந்தோடு மட்டை ஒட்டியிருப்பது ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான். அந்த அற்ப கணத்தில் நாம் புதிதாகச் செய்யும் யத்தனம் எதுவும் பலிக்காது. மம்பட்டியால் வரப்பு வெட்டுபவரைக் கவனித்தால் இது விளங்கும்: மேலே தூக்கும்போது அவர் பிடி நெகிழ்ந்திருக்கும், விழுவது மம்பட்டியின் கனமே.

82 பி.ஜி.ஏ. பந்தயங்களில் வென்ற அமெரிக்க வீரர் சாம் ஸ்நீட், உயிருள்ள குருவியைப் பிடிப்பது போல மட்டையைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி வந்தார். பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. வலக்கை ஆட்டக்காரர் மட்டையை இடக்கையின் உள்ளங்கையில் புதைக்காமல் விரல்களின் அடிப்பகுதியில் கிடத்தி, கடைசி மூன்று விரல்களால் தாங்குவது வழக்கம். வலக்கைச் சிறுவிரலை இடக்கை விரல்களின்மேல் அமர்த்தும் பிடியைப் பிரபலமாக்கியவர், பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயத்தை ஆறு முறை வென்ற ஹாரி வார்டன்.

நெகிழ்த்துவது என்றதும் சிலர் மணிக்கட்டை வேண்டுமென்றே சுண்டப் புறப்படுகிறார்கள். இது முதல் பிழையைவிட மோசமானது என்பது என் அபிப்பிராயம். சுண்டினால் மூலை முன்கூட்டியே அவிழ்ந்து, வேகம் பந்துக்கு முன்பே செலவாகிவிடும். ஓங்குகையில் இருந்த அதே இளக்கம் அடித்து முடியும்வரை நீடித்தால் போதும். ஆரம்பத்தில் மெதுவாகப் பிடித்து, அடிக்கும் சமயத்தில் பயந்து இறுக்கிக்கொள்வதுதான் எல்லோருடைய சுபாவமும். என் சுபாவமும் அதுவே.

அன்று ஏழாவதோ எட்டாவதோ அடியில், ஆசானை நினைத்துக்கொண்டு விரல்களை இளக்கி, மட்டையை அதன் போக்கில் விட்டேன். கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. 'டக்' என்று ஒரு சிறு சப்தம் மட்டும் கேட்டது. அதுவரை தேட வேண்டிய அவசியமே இல்லாதிருந்த பந்தை, நண்பரும் நானும் அரை மணி நேரம் தேடினோம்.