அமைதி காக்கும் மலைப்பாதை

நுழையும் முன்

புனித இடங்களுக்கு நடந்தே செல்வது தமிழர் வாழ்வில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பழனிக்கும் திருச்செந்தூருக்கும் சாலை வழியே ஆயிரக்கணக்கானோர் நடக்கின்றனர். அடர்ந்த காட்டின் ஊடே செல்லும் பாதைகளும் உள்ளன. அத்தகைய பாதை ஒன்றில் எத்தனை பேர் நடக்கலாம்? அந்த எண்ணிக்கையை எதைக் கொண்டு முடிவு செய்வது? இப்பாடம் அதனை விளக்குகிறது.

கல்லாற்றிலிருந்து இரு மலைகள்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், விதுரையைக் கடந்ததும் கல்லாறு என்னும் சிற்றூர் வருகிறது. உருண்ட கற்களுக்கும் பாறைகளுக்கும் இடையே தெளிந்த நீர் ஓடுவதால் ஆற்றின் பெயரே ஊரின் பெயராயிற்று. இங்கிருந்து 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி மலையை அடையலாம். மலையுச்சி வரை சாலை இருப்பதால், விடுமுறை நாள்களில் வண்டிகள் நீண்ட வரிசையில் ஏறுகின்றன.

விதுரையிலிருந்து பிரியும் மற்றொரு சாலை போணக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்துடன் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் காடுதான். அங்கிருந்து தொடங்கும் ஒற்றையடிப் பாதை அகத்தியர்கூடம் என்னும் சிகரத்திற்குச் செல்கிறது. பொன்முடிக்கு வண்டியில் செல்லலாம். அகத்தியர்கூடத்திற்கு நடந்துதான் செல்ல வேண்டும். அருகருகே உள்ள இவ்விரு மலைகளுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு இதுவே.

நடையும் வழியும்

அகத்தியர்கூடம் 1868 மீட்டர் உயரமுடையது. அகத்திய முனிவர் தங்கித் தமிழ் வளர்த்த பொதிகை மலை இதுவே என்பது மரபு. சிகரத்தில் அகத்தியரின் சிலை ஒன்று உள்ளது. மலையின் கிழக்குச் சரிவில் தமிழகத்தின் தாமிரபரணியும், மேற்குச் சரிவில் கேரளத்தின் நெய்யாறும் கரமனையாறும் தோன்றுகின்றன.

போணக்காட்டிலிருந்து செல்வோர் முதல் நாள் முழுவதும் நடந்து அதிருமலை என்னும் முகாமை அடைவர். வழியில் கரமனையாறு, அட்டையாறு முதலிய நீரோடைகளையும், நிழலற்ற புல்வெளியையும் கடக்க வேண்டும். முட்டிடிச்சான் தேரி என்று ஓர் ஏற்றம் உண்டு. ஏறும்போது முழங்கால் முகத்தில் இடிக்கும் அளவுக்குச் செங்குத்தானது என்பதை அதன் பெயரே கூறிவிடுகிறது. இரண்டாம் நாள் பொங்காலைப்பாறையைக் கடந்து, இறுதியில் வழுக்கும் பாறைச் சரிவில் கயிற்றைப் பற்றிக்கொண்டு சிகரத்தை அடைவர். பின்னர் முகாமுக்குத் திரும்பி, மூன்றாம் நாள் மலையிறங்குவர்.

மகரவிளக்கு முதல் சிவராத்திரி வரையிலான காலமே இந்நடைக்குரிய காலமாக இருந்துவந்துள்ளது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கோடை வெப்பம் முற்றுவதற்கு முன் அமையும் காலம் இது. மற்ற மாதங்களில் மழையும் மூடுபனியும் அட்டைகளும் நடப்போரைத் தடுக்கின்றன. கோடையிலோ காட்டுத்தீயின் அச்சம் உண்டு.

நூறு என்னும் எண்

இப்பருவத்தில் மலையேற விரும்புவோர் கேரள வனத்துறையிடம் முன்கூட்டியே இசைவு பெற வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு பேர் என்பது பல ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்டுவரும் வரம்பு. வழிகாட்டி இன்றிச் செல்ல இயலாது. நெகிழிப் பொருள்களுக்கும் பூசைப் பொருள்களுக்கும் இசைவில்லை. முன்பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே இடங்கள் நிரம்பிவிடுகின்றன. "இவ்வளவு பெரிய மலையில் நூறு பேர்தானா?" என்று இடம் கிடைக்காதவர்கள் வருந்துவது இயல்பே.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். இன்று நூறு பேர் முகாமை நோக்கி ஏறுகின்றனர். நேற்று வந்த நூறு பேர் சிகரத்திற்குச் சென்று முகாமுக்குத் திரும்புகின்றனர். அதற்கு முந்தைய நாள் வந்த நூறு பேர் மலையிறங்குகின்றனர். ஆகவே, நாளொன்றுக்கு நூறு பேர் என்றால், எந்த நாளிலும் காட்டுக்குள் இருப்போர் ஏறத்தாழ முந்நூறு பேர். அவர்களுக்குக் குடிநீர், உணவு, உறங்க இடம், கழிப்பறை ஆகிய அனைத்தும் வேண்டும். மழை ஓய்ந்து ஓடைகள் மெலியத் தொடங்கும் காலத்தில்தான் இத்தனையும் தேவைப்படுகின்றன. வரம்பை இருநூறாக உயர்த்தினால், காட்டில் இருப்போர் அறுநூறு பேர் ஆகிவிடுவர்.

ஓடையில் சேரும் அழுக்கு அங்கேயே தங்குவதில்லை. கரமனையாறு மலையிலிருந்து இறங்கிப் பேப்பாறை, அருவிக்கரை அணைகளை அடைகிறது. திருவனந்தபுரம் நகரத்தின் குடிநீர் அங்கிருந்தே செல்கிறது. மலைமீது கை கழுவுவோரும் நகரத்தில் குழாயைத் திறப்போரும் ஒரே ஆற்றின் நீரைப் பயன்படுத்துகின்றனர்.

மலை இழந்தவை

அகத்தியமலைப் பகுதி 2001ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் வலையமைப்பில் சேர்த்தது. கேரளத்திலும் தமிழகத்திலுமாக ஏறத்தாழ 3500 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது விரிந்துள்ளது. உலகில் வேறெங்கும் காணப்படாத செடிகொடிகள் பல இங்கே வளர்கின்றன.

அவற்றுள் ஒன்று, மஞ்சள் நிறப் பூப் பூக்கும் ஓர் ஆர்க்கிட் செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனைக் கண்டறிந்த ட்ரூரி என்பவரின் பெயரே இதன் அறிவியல் பெயரில் இடம்பெற்றுள்ளது. அழகிய பூவைப் பற்றிய செய்தி பரவியதும், செடி சேகரிப்போர் இதனை வேரோடு பறித்துச் சென்றனர். இன்று இது அழியும் விளிம்பில் உள்ள செடிகளுள் ஒன்று. பறித்த ஒவ்வொருவரும் சில செடிகளையே எடுத்திருக்கலாம். பலர் எடுத்தபோது மலையில் மிஞ்சியது மிகச் சிலவே.

பாதைக்கும் இது பொருந்தும். உச்சிப் பகுதியில் பாறைமீது படிந்துள்ள மண் மிக மெல்லியது. ஒருவர் நடந்தால் புல் சாயும், மறுநாள் நிமிரும். பலர் நாள்தோறும் நடந்தால் புல்லின் வேர் அறும். அடுத்த மழையில் மண் கரையும். சேறான பாதையைத் தவிர்க்க நினைப்போர் ஓரமாக நடப்பர்; அங்கே மற்றொரு பாதை உருவாகும். இப்பாதை யானைகளும் நடமாடும் காட்டில் உள்ளது. மனித ஒலி மிகுந்தால் அவை தம் வழியை மாற்றிக்கொள்ள நேரிடும்.

பிற பாதைகள் தரும் பாடம்

ஸ்பெயின் நாட்டின் சாந்தியாகோ நகரத்திற்குச் செல்லும் கிறித்தவப் புனித நடைவழி உலகப் புகழ் பெற்றது. 1986ஆம் ஆண்டில் அந்நடையை முடித்துச் சான்றிதழ் பெற்றோர் ஏறத்தாழ 2500 பேர். 2024ஆம் ஆண்டில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ ஐந்து இலட்சமாக உயர்ந்தது. கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோர் அமைதியான வேறு வழிகளை நாடுகின்றனர். அதனால் அவ்வழிகளிலும் கூட்டம் பெருகுகிறது. பெரு நாட்டின் இன்கா பாதையிலோ, சுமை தூக்குவோரையும் சேர்த்து நாளொன்றுக்கு ஐந்நூறு பேருக்கு மட்டுமே இசைவு.

கேரளத்திலேயே துயரமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. சபரிமலைக்குச் செல்லும் காட்டுவழிகளுள் ஒன்று புல்மேடு வழியாகச் செல்கிறது. 2011 சனவரி 14 அன்று, மகரவிளக்கைக் கண்டு திரும்பிய பெருந்திரளால் அங்கே நெரிசல் ஏற்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குறுகிய காட்டுவழிக்கு ஓர் அளவு உண்டு என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

மலையின் மக்கள்

அகத்தியமலையின் பழங்குடியினர் காணிகள். தமிழகச் சரிவிலும் கேரளச் சரிவிலும் வாழும் இவர்களது பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்துள்ளன. கல்லாற்றைச் சேர்ந்த இலட்சுமிக்குட்டி அம்மா ஏறத்தாழ ஐந்நூறு மூலிகை மருந்துகளை ஏட்டில் எழுதாமல் நினைவிலேயே வைத்திருப்பவர் என்று போற்றப்படுபவர். நஞ்சு முறிக்கும் மருத்துவத்தில் தேர்ந்த அவருக்கு இந்திய அரசு 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

1987ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் சிலர் காணிகளின் துணையுடன் இக்காட்டில் நடந்தனர். வழிகாட்டிய காணிகள் ஒரு சிறு பழத்தை உண்டபடி களைப்பின்றி நடப்பதைக் கண்டு வியந்தனர். அப்பழம் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியினுடையது. பாலோட்டில் உள்ள தாவர ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கிற்று. அறிவை வழங்கிய காணிகளுக்கும் வருவாயில் பங்கு அளிக்கப்பட்டது. உலகம் வியந்த நிகழ்வு இது. ஆனால், செடி புகழ் பெற்றதும் காட்டிலிருந்து அதனை அளவின்றிப் பறிக்கும் ஆபத்தும் எழுந்தது. புகழ் ஒரு செடிக்கு நன்மையும் தரும், தீங்கும் தரும்.

நடைப்பருவத்தில் காணிகளும் அருகிலுள்ள ஊராரும் வழிகாட்டிகளாகப் பணியாற்றுகின்றனர். ஆட்கள் மிகுந்தால் அவர்களுக்கு வருவாய் மிகும். எனினும் அம்மலை அவர்களுக்கு வழிபாட்டிடமும் ஆகும். கூட்டம் அவர்களுக்குப் பிழைப்பாகவும் கவலையாகவும் ஒருங்கே இருக்கிறது.

யாருக்கு இடம்?

எண்ணிக்கையை வரையறுத்த பின்பும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அந்த நூறு பேர் யார்? நெடுங்காலம் பெண்களுக்கு இம்மலைநடையில் இடம் அளிக்கப்படவில்லை. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பெண்களுக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2019 சனவரியில் கே. தன்யா சனல் என்னும் அரசு அலுவலர், அத்தீர்ப்புக்குப் பின் சிகரத்தை அடைந்த முதல் பெண் ஆனார். காணிப் பெண்கள் சிலர் தம் வழிபாட்டு மரபைக் கருதி வருத்தம் தெரிவித்தனர். எனினும் நடப்போரைத் தடுக்கவில்லை.

இணையவழி முன்பதிவும் எளிய செய்தியன்று. விரைவான இணைப்பு உடையவர் இடம் பெறுகிறார். ஆண்டுதோறும் நேர்ந்துகொண்டு வரும் முதியவர் அந்தச் சில நிமிடங்களில் தோற்றுவிடலாம். கூட்டத்தைக் குறைப்பது மட்டும் போதாது. குறைந்த இடங்களை நேர்மையாகப் பங்கிடவும் வேண்டும்.

இவ்வாண்டு இடம் கிடைக்காதவர் கல்லாற்றங்கரையில் நின்றும் அம்மலைத்தொடரைக் காணலாம். அடுத்த ஆண்டு மீண்டும் முயலலாம். மலை அதுவரை காத்திருக்கும். அவர் செல்லும் நாளில் ஓடையில் குடிக்கத்தக்க நீரும், பாதையில் கரையாத மண்ணும் இருக்க வேண்டும். அதற்காகவே இன்று நூறு பேர் என்னும் வரம்பு.

சொல்லும் பொருளும்

இசைவு – அனுமதி
தேரி – மேட்டு நிலம், ஏற்றம்
நெகிழி – பிளாஸ்டிக்
ஒருங்கே – ஒரே நேரத்தில்
நேர்ந்துகொண்டு – வேண்டுதல் செய்துகொண்டு
உயிர்க்கோளக் காப்பகம் – காட்டையும் உயிரினங்களையும் அங்கு வாழும் மக்களையும் சேர்த்துக் காக்கும் பகுதி

வினாக்கள்

1. முட்டிடிச்சான் தேரி என்னும் பெயர் எதனை உணர்த்துகிறது?
2. நாளொன்றுக்கு 150 பேருக்கு இசைவு அளித்தால், ஒரு நாளில் காட்டுக்குள் இருப்போர் எத்தனை பேர்? விளக்குக.
3. "கூட்டம் அவர்களுக்குப் பிழைப்பாகவும் கவலையாகவும் இருக்கிறது." யாருக்கு? ஏன்?
4. ஆர்க்கிட் செடியின் நிலையும் ஆரோக்கியப்பச்சையின் நிலையும் எவ்வாறு ஒத்துள்ளன?
5. நூறு இடங்களை எவ்வாறு பங்கிட்டால் அனைவருக்கும் நேர்மையாக இருக்கும்? வகுப்பில் கலந்துரையாடிப் பத்து வரிகளில் எழுதுக.