நோயாளி சொல்வதும் மருத்துவத் தகவல்தான்

ஆட்டிசம், வலிப்பு, லேசான அறிவுசார் குறைபாடு மூன்றும் இருந்த 18 வயது ஆலிவர் மெக்கவன், 2016இல் வலிப்புக்காக இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மனநோய்க்கான மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரே சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். அப்படியிருந்தும் அவ்வகை மருந்தான ஓலான்சபின் கொடுக்கப்பட்டது. மூளை வீங்கி, அந்த நவம்பரில் அவர் இறந்துபோனார். அந்த மரணத்தைத் தவிர்த்திருக்க முடிந்திருக்கலாம் என்று 2020இல் வெளியான தனி ஆய்வு சொன்னது. உயிரைக் காக்கக்கூடிய தகவல் கட்டிலருகிலேயே இருந்தது. அதைச் சொன்னவர்களின் பேச்சை யாரும் தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சீக்கிரம் இறப்பது அந்தக் குறைபாட்டால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆதாரங்கள் வேறு சொல்கின்றன. தென்மேற்கு இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் 247 மரணங்களைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். இவர்களில் ஆண்கள் மற்ற ஆண்களைவிடச் சராசரியாக 13 ஆண்டுகளும், பெண்கள் மற்ற பெண்களைவிட 20 ஆண்டுகளும் முன்னதாக இறக்கிறார்கள் என்று 2013இல் அறிவித்தார்கள். 2021இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த இத்தகைய மரணங்களில் 49 சதவீதம் தவிர்த்திருக்கக்கூடியவை. பொதுமக்களிடையே அது 22 சதவீதம்தான். உயிரைப் பறிப்பவற்றில் நிமோனியா, வலிப்பு, ஏன், மலச்சிக்கல்கூட உண்டு. பேச்சு வராத ஒருவர் மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், வயிற்றில் அடித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'இவர்கள் இப்படித்தான்' என்று மருத்துவர் கடந்துவிடலாம். அவன் வலி வந்தால் மட்டும்தான் இப்படிச் செய்வான் என்று அம்மாவுக்குத் தெரியும். வேறெந்தப் பரிசோதனையும் தராத தகவல் அது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் பயன்படுத்தும் 'மருத்துவமனை பாஸ்போர்ட்' இதற்காகவே வந்தது: எந்த மருந்து ஆகாது, வலித்தால் முகம் எப்படி மாறும், ஊசி போடும்முன் யார் கையைப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் வீட்டாரும் அவருமாக எழுதித் தரும் சில பக்கங்கள். எழுதியதைச் செவிலியர் புரட்டிப் பார்க்காவிட்டால் அதனால் பயனில்லை. அந்தப் பழக்கம் வர, பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியைக் கொண்டுவந்ததும் ஒரு குடும்பம்தான். ஆலிவரின் தாய் பாலா மெக்கவன் விடாமல் போராடியதால், இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டின் சட்டம் சுகாதார, பராமரிப்பு ஊழியர்களுக்கு அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் பற்றிய பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆலிவரின் பெயரில் உருவான பயிற்சியை அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களும் பயிற்சியாளர்களாக நின்று நடத்துகிறார்கள். இதுவரை நோயாளியாக மட்டுமே பார்த்த ஒருவர் வகுப்பெடுத்துக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது ஊழியருக்குக் கிடைக்கும் அறிமுகத்தை எந்தப் பாடநூலாலும் தர முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

குடும்பம் சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாதுதான். பாசத்தால் அளவுக்கு மீறிக் காப்பவர்களும், பிள்ளைக்கு நாற்பது வயதானாலும் முடிவைத் தாங்களே எடுப்பவர்களும் உண்டு. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றுதான் முதலில் கொள்ள வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம். ஆகவே கேள்வியை முதலில் நோயாளியிடம், அவருக்குப் புரியும் சொல்லிலோ படத்திலோ கேட்க வேண்டும், பிறகுதான் வீட்டாரிடம். இரு பதில்களும் முரண்பட்டால் அந்த முரண்பாடும் குறிப்பில் ஏற வேண்டும். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரமேது என்பது இன்னும் நியாயமான கேள்வி. நேரம் கூடுதலாகத்தான் பிடிக்கும். ஆனால் தவறவிட்ட அறிகுறி பிறகு அவசரப் பிரிவிலும் தீவிர சிகிச்சையிலும் விழுங்கும் நேரத்தை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, பெயருக்குச் செய்யும் பங்கேற்பு. திட்டமெல்லாம் முடிவான பிறகு நோயாளிகளையோ வீட்டாரையோ குழுவில் உறுப்பினராக உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் எதுவும் மாறாது. எந்தக் குறையை முதலில் சரிசெய்வது, எந்த மரணத்தை விசாரிப்பது, எதை அளப்பது என்று தீர்மானிக்கும் கூட்டத்திலேயே அவர்கள் இருக்க வேண்டும். மற்ற ஆலோசகர்களுக்குத் தருவதுபோல அவர்களுக்கும் ஊதியம் தர வேண்டும். கூட்டத்துக்கான தாள்கள் எளிய மொழியில், படித்துத் தயாராகும் அளவுக்கு முன்கூட்டியே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.