துப்பாக்கியும் அவநம்பிக்கையும்

துப்பாக்கியின் வல்லமை குண்டில் மட்டுமன்று, அதை உள்ளேற்றும் பொறியிலும் இருக்கிறது. 1853-ம் வருஷத்து என்பீல்டில் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் கெட்டிக்க வேண்டும். 1866-ல் வந்த ஸ்னைடரிலோ குழலின் பின்மூடியைப் பக்கவாட்டில் திறந்து தோட்டாவை இடலாயிற்று. 1871-ல் ஏற்கப்பட்ட மார்ட்டினி-ஹென்றியில் விசைக்குப் பின்னுள்ள நெம்புகோலைத் தாழ்த்தினால் அடைப்பு இறங்கி வழிவிடும். 1888-ம் வருஷத்து லீ-மெட்போர்டில் தாழைப் பின்னிழுத்து முன்தள்ளினால், கீழ்ப்பெட்டியிலிருந்து அடுத்த தோட்டா தானே ஏறும்.

இவ்வபிவிருத்திகளின் பயன் நமது சிப்பாய்களுக்கு உடனே கிட்டியதா? இல்லை. 1857-ன் கிளர்ச்சிக்குப் பின் அவர்களுக்குக் குறி தப்பும் வழவழத்த குழல்களே தரப்பட்டன. வெள்ளைச் சிப்பாய் மார்ட்டினியைப் பெற்றபின் இவர்களுக்கு ஸ்னைடர்; அவன் லீ-மெட்போர்டைப் பெற்றபின் இவர்களுக்கு மார்ட்டினி. போர்க்களத்தில் சிந்திய உதிரத்தில் பேதமில்லை. ஆயுதத்தில் மட்டும் பேதம்! குடிகளையோ 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் கட்டிப்போட்டது.

1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அச்சட்டத்தைத் திருத்தவும், படையின் உயர்பதவிகளை இந்தியருக்குத் திறக்கவும் கோரியது. தன் நாட்டைக் காக்கும் ஆயுதத்தைப் பிறர் தயவால் பெறும் ஜாதியார் சுதந்திரர் ஆகார் என்பதை அன்றே நம்மவர் உணர்ந்திருந்தனர்.